மைசூருக்கு நாலாவது ஆள்

எட்டு மணிக்குள் சொல்லிவிட வேண்டும். சொல்வதென்ன பெரிய சொல்வது, போனில் ஒரு அமுக்கு அமுக்கினால் மஞ்சளாக ஒரு கட்டைவிரல் போய் விழப்போகிறது, அதைப் பார்த்த மாத்திரத்தில் ராஜாம்பாள் நாலு டிக்கெட் போட்டுவிடுவாள். அமுக்காவிட்டால் மூணு. அவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் நேற்று சாயங்காலத்திலிருந்து ஒருத்தி போனையே வெறித்துக்கொண்டு கிடப்பாளா என்று மங்கையர்க்கரசி தன்னையே கேட்டுக்கொண்டாள், கேட்டுக்கொண்டே முருங்கைக்கீரைக் கொத்தை ஒரு உருவு உருவினாள், காம்பும் பழுப்புமாகச் சேர்ந்து வந்தது, சனியன், இன்றைக்குக் கீரைகூட ஒழுங்காக உருவ வரவில்லை. சாப்பாட்டு மேஜையில் தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்து நிறுத்தியிருந்த போனில் மணி ஏழு பத்து. வெளியே கார்த்திகை மாசத்து மழை சன்னமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. மழை பெய்துவிட்டுப் போகட்டும், அதனால் ஒன்றுமில்லை, ஆனால் மொட்டைமாடித் தண்ணீர் இறங்குகிற குழாய் இருக்கிறதே, அது சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழேதான் வந்து கொட்டும், சளசளவென்று, அந்தச் சத்தம் காதில் விழுந்தால் போதும், அடிவயிற்றில் ஒரு இழுப்பு. போய்விட்டு வந்து இன்னும் கால்மணி ஆகவில்லை. ஒன்றுமில்லை, வெறும் நினைப்பு, நினைக்காதே, கீரையைப் பார் என்றாள் தனக்கு. கீரையைப் பார்த்தாள். கீரையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

ராஜாம்பாள் நேற்று எழுதியிருந்தது மனப்பாடமே ஆகிவிட்டது. நாளைக் காலை எட்டு மணிக்கு ரிசர்வேஷன் திறக்கிறது, தை பிறந்து பத்தாம் நாள் திருச்சியில் ஏறுகிறோம், மூணு நாள் மைசூர், அஞ்சாம் நாள் வீட்டில், வருகிறவர்கள் எட்டுக்குள் சொல்லவும், மங்கை உனக்குத்தான் சொல்கிறேன். அதென்ன உனக்குத்தான். வாட்ஸப் குழுவில் இருப்பதே நாலு பேர், அதில் ஜெயசீலி கேட்பதற்கு முன்னாலேயே பெட்டி கட்டுகிற ரகம், மெகருன்னிசா போகலாம் என்றால் போவாள், இருக்கலாம் என்றால் இருப்பாள், மிச்சம் இவள்தான், இவளைத்தான் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. நாலு பேரும் இருபது வயசில் டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே வரிசையில் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து ஊருக்கும் ஊருக்கும் முடிச்சுப் போட்டவர்கள், அந்த ஸ்விட்ச்போர்டெல்லாம் போய் மிஷின் வந்து, என்கொயரியில் உட்கார்ந்து, கடைசியில் ஒரே நாளில் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர்கள். வந்த அன்றைக்கே ராஜாம்பாள் சொன்னாள், இனிமே வருஷத்துக்கு ஒரு ஊர்டி, நாம கனெக்‌ஷன் குடுத்த ஊரையெல்லாம் கண்ணால பார்த்துட்டுத்தான் கண்ணை மூடணும். நல்ல யோசனைதான். யார் இல்லையென்றது. கொச்சிக்குக் கிளம்பினார்கள், மங்கைக்கு முட்டிவலி. ஹைதராபாத்துக்குக் கிளம்பினார்கள், மங்கையின் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. மூணு பேராகப் போய்ப் படகில் நின்று, கோட்டையில் நின்று, போட்டோ எடுத்து அனுப்பினார்கள், எல்லாப் போட்டோவிலும் ஜெயசீலிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தது, வேண்டுமென்றே விட்டார்களா, இல்லை இவளுக்குத்தான் அப்படித் தெரிந்ததா என்று தெரியவில்லை. அந்தப் போட்டோக்களை அவள் இன்னும் அழிக்கவில்லை.

"மங்கை, ரெண்டாவது காப்பி உண்டா, இல்ல இன்னிக்கு ஒண்ணோட சரியா?" என்று கூடத்திலிருந்து தண்டபாணி குரல் கொடுத்தார். சர்க்கரை ஏறிவிட்டதாகச் சொல்லப்பட்ட மனுஷர். அவருக்குச் சர்க்கரையும் இல்லை, உப்பும் இல்லை, அறுபத்தெட்டு வயசில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்து பேப்பரை நீத்தார் அறிவிப்பிலிருந்து தொடங்கிப் படிக்கிறவர்.

"கீரையை முடிச்சிட்டு வரேங்க."

"மெதுவா வா. ஆமா, மைசூருக்குச் சொல்லிட்டியா? போயிட்டு வாயேன், மூணு நாள்தானே. நான் என்ன பச்சப் புள்ளையா, ரசம் வச்சுக்கத் தெரியாதா எனக்கு?"

போகாதே என்று சொல்கிற புருஷன் வாய்த்திருந்தால் எவ்வளவு சௌகரியம். அவர் வேண்டாங்கறாருடி என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கீரையை வதக்கப் போயிருக்கலாம். இந்த மனுஷர் போயேன் போயேன் என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார், பாவம், அவருக்கு என்ன தெரியும், முப்பத்தாறு வருஷம் கூடக் குடும்பம் நடத்தியவருக்கு இவள் விடிவதற்கு முன் எழுந்து தன் பாவாடைகளைத் தானே அலசிப் பின்கட்டில் தனிக்கொடியில் போட்டுவிடுவது ஏனென்று தெரியாது, ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஒரு வாய் தண்ணீர் குடிக்காதது ஏனென்று தெரியாது, கந்தசஷ்டி விரதம் மாதிரி ஏதோ ஒரு விரதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒழுகுகிறது. அவ்வளவுதான். வார்த்தையாகச் சொல்லிப் பார்த்தால் ஆறே எழுத்து. தும்மினால், இருமினால், சட்டென்று எழுந்தால், சாவியைப் பூட்டில் நுழைத்தால், தண்ணீர்ச் சத்தம் கேட்டால். இரண்டு வருஷமாக. முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு சொட்டு என்று சொல்லமுடியாதபடி. சரி, வந்த கோளாறு வந்துவிட்டது, எத்தனையோ பேருக்கு எத்தனையோ வருகிறது, ஆனால் இதை யாரிடம் போய் எந்த வாயால் சொல்வது. முட்டிவலி என்றால் நாலு பேர் தைலம் சொல்வார்கள். இதற்கு மூக்கைத்தான் தூக்கிப் பார்ப்பார்கள், பார்க்காவிட்டாலும் பார்க்கிற மாதிரியே இருக்கும். அவள் எழுந்து, மெதுவாக, முதலில் இடுப்பை முன்னால் கொடுத்து, பிறகு மேஜையைப் பிடித்து, இரண்டு நாள் முன்னால் குழந்தை பெற்றவள் எழுந்திருக்கிற மாதிரி எழுந்து, அவருக்குக் காப்பி கலந்து கொடுத்துவிட்டு வந்தாள். ஏழு இருபத்திரண்டு.

இதில் சிரிப்பு என்னவென்றால் அடக்குவதில் இவளை அடித்துக்கொள்ள அந்தக் காலத்தில் ஆளே கிடையாது. போர்டில் உட்கார்ந்துவிட்டால் ரிலீஃபுக்கு ஆள் வருகிறவரை எழுந்திருக்க முடியாது, எழுந்திருக்கக் கூடாது என்று யாரும் கட்டிப்போடவில்லை, ஆனால் கண்ணுக்கு முன்னால் வரிசையாக விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, ஒவ்வொரு விளக்குக்குப் பின்னாலும் ஒருத்தர் அவசரமாகக் காத்திருக்கும்போது, சாவுச் செய்தியோ பிள்ளை பிறந்த செய்தியோ, எவள் எழுந்து போவாள். தீபாவளிக்கு முதல்நாள் ஆறு மணி நேரம். ராஜாம்பாளுக்கும் இவளுக்கும் பந்தயம்கூட உண்டு, யார் முதலில் எழுந்திருக்கிறார்களோ அவர்கள் மற்றவளுக்குப் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். பஜ்ஜி வாங்கித் தந்தது எப்போதும் ராஜாம்பாள்தான். நீ என்ன மனுஷியாடி, உனக்கு மூத்திரப்பையா இல்ல மேட்டூர் அணையா என்பாள். வீட்டுக்குத் தெரியாமல் போய்ப் பார்த்த டாக்டர் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, அது சின்னப் பெண், பேத்தி வயசு இருக்கும், தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, அதனாலயும் இருக்கலாம்மா, வேற காரணமும் இருக்கலாம், வயசானா நிறையப் பேருக்கு வர்றதுதான், நீங்க பயப்பட ஒண்ணுமில்ல என்று ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தது. கீழே இறுக்கிப் பிடித்துப் பத்து எண்ணி விட வேண்டும், ஒரு நாளைக்கு முப்பது தடவை. ஆறு மாசமாகச் செய்கிறாள். அடுப்படியில் நின்று செய்யும்போது ஒருநாள் தண்டபாணி பார்த்துவிட்டு, ஏன் மங்கை மூச்சைப் பிடிச்சிட்டு நிக்கிறே என்றார். சாமி கும்பிடறேன் என்றாள். கரண்டியைப் பிடித்துக்கொண்டா என்றார் அவர். கொஞ்சம் குறைந்திருக்கிறதா என்றால், குறைந்த மாதிரிதான் இருக்கிறது, மழைக்காலம் வந்ததும் மறுபடி பழைய குருடி. இன்றைக்கு இன்னும் ஒரு தடவைகூடச் செய்யவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண ஆரம்பித்தாள், ஆறிலேயே அலுத்து விட்டுவிட்டாள்.

அலுப்புதான். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, படுக்கையில் விழவில்லை, ஆனால் அலுப்பு, எதை எடுத்தாலும் முன்கூட்டியே யோசித்து யோசித்து வருகிற அலுப்பு. இந்த உறையூரில் எந்தக் கடைக்குப் பின்னால் கழிவறை இருக்கிறது, எதில் தாழ்ப்பாள் விழும், எதில் விழாது, எந்தக் கோயிலில் கேட்டால் திறந்துவிடுவார்கள், எல்லாம் தலைகீழ்ப் பாடம். நாப்கின் வாங்க இரண்டு பஸ் மாறி ஏதோ ஒரு மருந்துக்கடைக்குப் போகிறாள், அங்கே போய், மாமியாருக்குங்க, படுத்த படுக்கையா இருக்காங்க என்கிறாள், அந்த மாமியார் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது, உயிரோடு இருந்தவரை ஒருநாள் படுத்தவள் இல்லை, மேலே இருந்து கேட்டுக்கொண்டிருந்தால் அவள் விடுகிற சாபத்துக்கே இன்னும் ஒழுகும். மைசூர் என்று ராஜாம்பாள் சொன்ன அன்றைக்கு மற்ற மூணு பேரும் அரண்மனையில் எத்தனை விளக்கு, எந்தக் கிழமை போடுவார்கள், பட்டு எங்கே நன்றாக இருக்கும் என்று எழுதிக் குவித்தார்கள். இவள் என்ன தேடினாள், அரண்மனை வாசலிலிருந்து கழிவறை எத்தனை தூரம் என்று தேடினாள். படம் போட்டிருந்தார்கள். செருப்பு விடும் இடத்தைத் தாண்டி இடதுகைப் பக்கம். சாமுண்டி மலைக்குப் போகிற பஸ் எத்தனை நிமிஷம், நடுவில் நிற்குமா நிற்காதா. மிருகக்காட்சிசாலையில் மூணு இடத்தில், ஒட்டகச்சிவிங்கிக்குப் பக்கத்தில் ஒன்று. ஊரையே பார்க்காமல் ஊரின் கழிவறைகளையெல்லாம் பார்த்து முடித்துவிட்டாள். ரயில் ஒரு ராத்திரி, அதைக்கூடச் சமாளித்துவிடலாம். ரூம்தான். இரண்டு ரூம், ரூமுக்கு இரண்டு பேர், இவளுக்கு ஜெயசீலி ஜோடி, ஒரே கட்டில். விடியும்போது மெத்தையில் ஒரு வட்டம் இருந்தால். ஜெயசீலி ஒன்றும் சொல்லமாட்டாள், அதுதான் பயம், ஒன்றும் சொல்லாமல் போர்வையை இழுத்து மூடிவிட்டு, காப்பி சொல்லட்டாடி என்பாள், அந்தக் காப்பியை எப்படிக் குடிப்பது.

அதுகூட இல்லை. அதுகூட இல்லை என்று அவளுக்கே தெரியும். அந்த மூணு பேர் கூட இருந்தால் சிரிப்பாள், அதுதான் உண்மையான பயம். உலகத்தில் வேறு யாரும் அவளை அப்படிச் சிரிக்க வைத்ததில்லை. தண்டபாணி நல்லவர், ஆனால் அவர் சொல்கிற ஜோக்குக்குச் சிரிப்பது ஒரு வீட்டுவேலை. இவர்கள் அப்படியில்லை, ராஜாம்பாள் ஒரு புருவத்தைத் தூக்கினால் போதும், மெகர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும், வயிறு குலுங்கி, மூச்சு முட்டி, ஐயோ போதும்டி என்று கையெடுத்துக் கும்பிட்டு. இரண்டு வருஷமாக இவர்களைத் தூரத்திலேயே நிறுத்தியிருப்பது அதற்காகத்தான். சிரிக்க வைக்கிறவர்களைப் பார்த்துப் பயப்படுகிற நிலைமை எவளுக்காவது வருமா. போனில் பேசினால்கூட உட்கார்ந்து, காலைப் பின்னிக்கொண்டு, ரொம்பச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தால், அடுப்புல பால்டி என்று வைத்துவிடுகிறாள். எத்தனை பால் பொங்கிவிட்டது இந்த இரண்டு வருஷத்தில். மைசூருக்கும் அவளுக்கும் பழக்கம் உண்டு, மற்ற மூணு பேரைவிட அவளுக்குத்தான் உண்டு, மைசூர் லைன் அவளுடையது. அந்தப் பக்கத்தில் ஒரு பெண், எப்போதும் ஜலதோஷம் பிடித்த குரல், "ஹேளம்மா" என்பாள், சொல்லும்மா என்று அர்த்தம், இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஹேளம்மா காதில் இருக்கிறது, கூட்டம் இல்லாத மத்தியானங்களில் அவள் கன்னடத்திலும் இவள் தமிழிலும் வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். உங்கள் ஊரில் இப்போது என்ன பூ என்று கேட்டாள் ஒருதடவை. அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று ஆசைதான். ஆசையாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன், நேற்றுப் பெட்டியைக்கூடப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துவிட்டு மறுபடி ஏற்றியாயிற்று. இப்போது இல்லை என்றால் அடுத்த வருஷம் ராஜாம்பாளுக்கு அறுபத்துநாலு, கேட்டுக்கேட்டு அவளுக்கும் சலித்துவிடும், பிறகு பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பூப்படம் அனுப்பிக்கொள்கிற சிநேகிதமாகப் போய்விடும், போகட்டும், எத்தனையோ போய்விட்டது. போனை எடுத்து, ராஜி, இவருக்கு மறுபடி சுகர் என்று அடித்தாள். அழித்தாள். தை மாசம் ஒரு விசேஷம் இருக்கு என்று அடித்தாள். என்ன விசேஷம் என்று கேட்பாள். அழித்தாள். பொய்க்குக்கூடச் சரக்கு தீர்ந்துவிட்டது.

ஏழு நாற்பத்தொன்றுக்குப் போன் அலறியது. கையில் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அலறினால் யார்தான் திடுக்கிடமாட்டார்கள். ராஜாம்பாள் குழுவுக்கே போட்டிருந்தாள், நாலு பேரும் சேர்ந்து பேச. பச்சையைத் தொட்டாள், தொட்ட கையோடு, திடுக்கிட்டதற்கு வட்டியாக அடிவயிற்றில் அந்த இழுப்பு, இந்தத் தடவை நினைப்பு இல்லை, நிஜம். மைக் படத்தை ஒரு குத்துக் குத்தி வாயை அடைத்துவிட்டுப் போனும் கையுமாக எழுந்தாள், இடுப்பு முன்னால், மேஜை, சுவர், கதவு, கூடத்தைத் தாண்டும்போது, பார்த்து, தரை ஈரம் என்றார் தண்டபாணி, அவர் மழையைச் சொன்னார். பாத்ரூம் தாழ்ப்பாளைப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் போனைக் காதில் வைத்தாள்.

"மங்கை எடுத்தாளே, ஆளைக் காணோம்?" ஜெயசீலி.

"மங்கை. மங்கை, லைன்ல இருக்கியாடி? கட்டாயிடுச்சு." ராஜாம்பாள்.

இருக்கேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு தொடு தொட்டால் வாய் திறந்துவிடும். ஆனால் போர்டில் உட்கார்ந்த கை அப்படிச் செய்யாது. பேசி முடித்தார்களா என்று பார்க்க லைனைத் திறந்தால் மூச்சு விடாமல் கேட்க வேண்டும், நடுவில் புகுந்து ஒரு வார்த்தை பேசிவிட்டால் அந்தக் காலத்தில் மெமோ. மற்ற மூணு பேரும் போனைக் காதில் ஒட்டிக்கொண்டு பேசுகிறவர்கள், திரையில் யார் இருக்கிறார்கள் யார் இல்லை என்று பார்க்கிற வழக்கமே கிடையாது. மங்கையர்க்கரசி மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வரமாட்டா சீலி. நான்தான் நேத்தே சொன்னேனே" என்றாள் ராஜாம்பாள்.

"அப்படி என்னடி கோவம் நம்ம மேல? என் மக கல்யாணத்துல நீ அவ பட்டுப்புடவையில ரோஸ்மில்க்கைக் கொட்டினியே, அதுலேருந்தே அவ சரியில்ல. உனக்கும் ஒரு நிதானம் வேண்டாமா ராஜி?" என்றாள் ஜெயசீலி.

மெகருன்னிசா, "சொல்லிடு ராஜி, அவளும் தெரிஞ்சுக்கட்டும்" என்றாள்.

"வேணும்னுதான்டி கொட்டினேன்" என்றாள் ராஜாம்பாள். "போட்டோவுக்கு மேடைக்குக் கூப்பிட்டாங்கல்ல, எழுந்திருச்சா. பின்னாடி பூரா நனைஞ்சிருந்துச்சு. அவளுக்கே தெரியல. நாலு படி ஏறினா மண்டபமே பார்க்கும். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல, கையில டம்ளர் இருந்துச்சு, ஊத்திட்டேன். மெகரு பார்த்துட்டா. வேற யாருக்கும் தெரியாது."

"மாதாவே" என்றாள் ஜெயசீலி.

கிளிப்பச்சைப் பட்டு. முதுகிலிருந்து முழங்கால் வரை ரோஸ்மில்க் வழிய, ஐஸோடு, சில்லென்று, அந்தச் சில்லிப்புதான் முதலில் தெரிந்தது, அதற்கு முன்னால் எதுவும் தெரியவில்லை, காய்ந்துதான் இருக்கிறோம் என்று தைரியமாக உட்கார்ந்திருந்தாள் பாவி. திரும்பி, மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அத்தனை பேர் நிற்க, உன் கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு, வயித்தெரிச்சல் புடிச்சவளே என்று கத்தினாள், அந்த வார்த்தைதான், வயித்தெரிச்சல் புடிச்சவளே. ராஜாம்பாள் முகம் சிவந்து நின்றாள். தெரியாம பட்டுடுச்சு, மன்னிச்சுக்கடி என்றாள், மேலதிகாரி திட்டியபோதுகூட மன்னிப்பு என்ற சொல்லை வாயில் எடுக்காத ராஜாம்பாள், தன் முந்தானையால் இவள் பின்பக்கத்தைத் துடைத்து, துடைத்தபடியே மறைத்து, கை கழுவும் இடம்வரை ஒட்டிக்கொண்டே கூட்டிப்போனாள். அங்கேயும் இவள் திட்டினாள். இரண்டு மாசம் பேசவில்லை. வீட்டில் தண்டபாணியிடம், அவளுக்கு என் புடவையைப் பார்த்துப் பொறாமை என்று சொன்னாள். அவர்கூட, சேச்சே ராஜாம்பாள் அப்படிப்பட்டவ இல்ல என்றார். கடவுளே, நனைந்த புடவையைத் துடைத்த அந்தக் கை. அவளுக்குத் தெரியும். மெகருக்கும் தெரியும். இரண்டு வருஷமாகத் தெரியும், இவள் மட்டும் கதவையெல்லாம் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து காவல் காத்திருக்கிறாள். வெட்கமா, கோபமா, காது இரண்டும் கொதித்தது. இனி அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது, போனை வைத்துவிடு, வைத்துவிட்டு அணைத்துவிடு, கேட்கவே இல்லை என்று இரு என்றது மனசு. வைக்கவில்லை.

"அப்ப நாம கேட்டுட வேண்டியதுதானேடி," ஜெயசீலியின் குரல் இறங்கியிருந்தது. "எதுக்கு அவ தனியாக் கஷ்டப்படணும்?"

"கேட்டா செத்துடுவா. நமக்குத் தெரியும்னு தெரிஞ்சா நம்ம வாசல் மிதிக்கமாட்டா, அவளை எனக்குத் தெரியும். அவளா சொல்லணும். சொல்லுவா சொல்லுவான்னு ரெண்டு வருஷமா பார்க்கறேன்."

"விட்டுடுவோம் ராஜி" என்றாள் மெகருன்னிசா. "இனிமே கூப்பிட வேண்டாம். நாம கூப்பிடக் கூப்பிட அந்தப் புள்ள ஒரு பொய்யத் தேட வேண்டியிருக்கு. முட்டிங்குது, வீட்டுக்காரருங்குது. பொய் சொல்லிச் சொல்லியே ஓஞ்சு போச்சு. போற விஷயத்தையே அவ காதுல போட வேண்டாம். நாம மூணு பேரா சத்தமில்லாம போயிட்டு வந்துருவோம்."

"போட்டோ?" என்றாள் ஜெயசீலி.

"அதுவும் அனுப்ப வேண்டாம்."

ராஜாம்பாள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சரி. மணி ஆச்சு. மூணே போடறேன்."

அவ்வளவுதான், முடிந்தது. இவளுக்கு எது வேண்டுமென்று இரண்டு வருஷமாக வேண்டிக்கொண்டிருந்தாளோ அது கிடைத்துவிட்டது. இனி யாரும் கேட்கமாட்டார்கள். முட்டி வலிக்க வேண்டாம், தண்டபாணிக்குச் சர்க்கரை ஏற வேண்டாம், எட்டு மணி, ஒன்பது மணி என்று எந்த மணியும் இல்லை, நிம்மதியாகக் கீரை உருவலாம், நாளைக்கும் உருவலாம், சாகிறவரை உருவலாம். கோபத்தில் விட்டிருந்தால் தாங்கிக்கொண்டு திருப்பித் திட்டியிருப்பாள். இப்படிப் பிரியத்தோடு விட்டால் என்ன செய்வது. பாவம் என்று விட்டுவிட்டார்கள், தூங்குகிற நோயாளியின் அறைக் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போகிற மாதிரி. ஏழு ஐம்பத்தாறு. ஜன்னல் வழியாக மழைச் சத்தம் வந்துகொண்டிருந்தது. கட்டைவிரல் மைக் படத்துக்கு மேலே நின்றது, ஈரமாக இருந்தது, அழுகிறோம் போலிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. சொன்னால் அவர்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறோம், அதற்கு எதற்கு இத்தனை பயம். தெரிந்ததைச் சொல்வதுதான் கஷ்டம் போலிருக்கிறது. கேட்டேன் என்று சொல்லலாமா. சொல்லக்கூடாது, ஒட்டுக்கேட்டேன் என்றால் ராஜாம்பாள் இரண்டு வருஷம் பொத்திப் பொத்தி வைத்தது எல்லாம் வீணாகிவிடும். தெரியாதவள் மாதிரி சொல்ல வேண்டும். முதல்முதலாகச் சொல்கிறவள் மாதிரி, அது பொய்யும் இல்லை, முதல்முதலாகத்தான் சொல்கிறாள். ஏழு ஐம்பத்தேழு. மூணாவது பேரையும் அடித்து முடித்திருப்பாள் இந்நேரம். விரலை வைத்தாள்.

"ராஜி" என்றாள். மறுபடி, "ராஜி, லைன் கட்டாயிடுச்சு, இப்பத்தான் வரேன்" என்றாள்.

அந்தப் பக்கம் மூணு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எனக்கும் சேர்த்துப் போடு. ஆனா ஒண்ணு சொல்லணும். எனக்கு... அடக்க முடியலடி. ஒண்ணுக்கு. தும்மினா வந்துடுது, சிரிச்சா வந்துடுது. துணியெல்லாம் நனைஞ்சுடுது. முட்டிவலியெல்லாம் பொய். அவருக்குச் சர்க்கரையும் கிடையாது. எனக்கு எங்க போனாலும் பக்கத்துல பாத்ரூம் இருக்கணும், ராத்திரி மெத்தையில ரப்பர் ஷீட் போட்டுக்கணும். இதெல்லாம் பரவாயில்லன்னா வரேன்."

ஜெயசீலி விசும்பினாள். நன்றாகவே கேட்டது. "சீலிக்கு ரெண்டு நாளா ஜலதோஷம்" என்றாள் மெகருன்னிசா அவசரமாக, யாரும் கேட்காமலே.

"என்னடி சொல்ற!" என்றாள் ராஜாம்பாள். "அடிப்பாவி, எனக்குத் தெரியவே தெரியாதே! எப்பலேருந்துடி இது? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

ஆயிரம் ஆயிரம் குரல்களைக் கேட்ட காது மங்கையர்க்கரசியுடையது. ஹலோ என்பதை வைத்தே சாவா கல்யாணமா என்று சொல்லிவிடுவாள். ராஜாம்பாளுக்கு நடிக்க வரவில்லை, கொஞ்சம்கூட வரவில்லை, ஆச்சரியத்தை எல்லாம் வாக்கியத்தின் முதலிலேயே செலவழித்துவிட்டுக் கடைசியில் அழுதுகொண்டிருந்தாள். மங்கை அதைக் கேட்டுக்கொண்டு, கேட்காதவள் மாதிரி, ஒன்றும் தெரியாத ஒருத்திக்கு எடுத்துச் சொல்கிற மாதிரி, "ரெண்டு வருஷமா ராஜி" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு இடத்திலும் ராஜாம்பாள் புதிதாகக் கேட்பவள்போல, அப்படியா, ஐயையோ, அப்புறம் என்று கொட்டிக்கொண்டே வந்தாள். நடுவில் ஒரு தடவை மட்டும், கொஞ்சம் இருடி, எட்டாயிடுச்சு, உன் பேரை முழுசாப் போடணுமாம் என்று சொல்லிவிட்டு, எழுத்தெழுத்தாக அடிக்க ஆரம்பித்தாள்.